திறமை விளையாட்டு என்றொரு தூண்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போக்கர் திறமை விளையாட்டுதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நிறுவனங்களின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் சொன்னது கணக்குப்படி சரி. என் சண்டை வேறு. 'திறமை விளையாட்டு' என்று நிரூபணமானதும், விஷயம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்களே, அங்கேதான். திறமை என்பது அந்த மேஜையில் புதிதாக உட்காரப் போகிறவனுக்குச் சாதகமான சாட்சி இல்லை. அவனுக்கு எதிரான முதல் சாட்சியே அதுதான்.

'ஸ்கில் கேம் ப்ரோ, லக் கெடையாது.' பல வருஷமா விளம்பரத்தில் கேட்டுக் கேட்டு, பேருந்து நிறுத்தத்திலும் ஹாஸ்டலிலும் பையன்கள் திருப்பிச் சொல்லும் வாக்கியம் இது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், பதினொன்றாம் வகுப்புக் கணக்குதான்.

1

போக்கரில் அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர்க்கு மட்டும் தெரியும்படி. பிறகு நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஆட்டத்தின் முதல் கேள்வி, பொதுச் சீட்டு எதுவும் வருவதற்கு முன்பே வருவது: என் இரண்டு சீட்டைவிடப் பெரிய சீட்டு எதிரில் யாரிடமாவது இருக்கிறதா?

உங்கள் கையில் இரண்டு ராஜா. இதைவிடப் பெரிய துவக்கம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு ஏஸ். உங்கள் இரண்டு சீட்டு போக மிச்சம் 50. அவற்றிலிருந்து இரண்டு சீட்டை 1,225 விதமாக எடுக்கலாம். நான்கு ஏஸ்களிலிருந்து இரண்டை 6 விதமாக எடுக்கலாம். ஆக, எதிரில் ஒரே ஒருவர் இருந்தால், அவரிடம் ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு 1,225-ல் 6. இருநூறு தடவையில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது பேர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு சுமார் 4.4 சதவீதம்.

கையில் இரண்டு ராணி என்றால் பயப்பட வேண்டியது இரண்டு ஜோடிகளுக்கு. ஒருவர் எதிரில் இருந்தால் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது பேர் என்றால் சுமார் 8.6. இரண்டு ஜாக்கி என்றால் ஒன்பது பேருக்கு எதிராக 12.5 சதவீதத்துக்குப் பக்கம். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய ஒரு மத்தியானம் போதும்.

திறமை விளையாட்டு என்று பேசுகிறவர்கள் புதியவனுக்குக் காட்டும் முதல் அட்டவணை இதுதான். பார்த்ததும் ஒரு தெம்பு வரும். அதிர்ஷ்டம் என்று நினைத்த இடத்தில் எண்கள் இருக்கின்றன. எண்கள் இருந்தால் படித்துக்கொள்ளலாம். 'நான் இன்ஜினியரிங் படிச்சவன், எனக்கு இது வராதா?' இங்கேதான் தூண்டில் தொண்டைக்குள் இறங்குகிறது.

2

அந்த அட்டவணை ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் அனுமானித்துக்கொள்கிறது. எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டெடுத்தவர், இன்னும் எதுவும் செய்யவில்லை என்று. ஆனால் ஆட்டத்தில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பணம் கட்டுகிறார்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு செய்தி.

அதே இரண்டு ராஜா. நீங்கள் பணத்தை ஏற்றுகிறீர்கள். எதிரில் இருப்பவர் தன்னிடம் உள்ள மொத்தத்தையும் நடுவில் தள்ளுகிறார். அவர் கட்டுச்செட்டான ஆள் என்று வைத்துக்கொள்வோம்: ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் சேர்ந்தது, இந்த மூன்றுக்கு மட்டுமே இப்படிச் செய்வார். எண்ணிப் பாருங்கள். ஏஸ் ஜோடி 6 விதம். மிச்சம் இரண்டு ராஜாதான் என்பதால் ராஜா ஜோடி 1 விதம். ஏஸும் ராஜாவும் 4 பெருக்கல் 2, 8 விதம். மொத்தம் 15. அதில் உங்களைவிடப் பெரியது 6. அதாவது 40 சதவீதம்.

அரை சதவீதமாக இருந்தது 40 சதவீதம் ஆகிவிட்டது. சீட்டு மாறவில்லை. ஒருவர் கை அசைந்தது, அவ்ளோதான். அவர் இன்னும் கெட்டியான ஆளாக இருந்து, ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் மட்டுமே இப்படித் தள்ளுவார் என்றால், 7-ல் 6. மாறாக, எந்தச் சீட்டு வந்தாலும் பணத்தைத் தள்ளும் அசட்டுத் துணிச்சல்காரர் என்றால் பழையபடி 1,225-ல் 6.

அப்படியென்றால் உங்கள் ராஜா ஜோடியின் மதிப்பு எங்கே இருக்கிறது? உங்கள் கையில் இல்லை. எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இருக்கிறது. போக்கரின் திறமை என்பது இதுதான். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பேயஸ் தேற்றம் என்று, பைகளிலிருந்து பந்து எடுக்கும் கணக்காகப் படித்துவிட்டு மறந்த அதே சமாச்சாரம்.

இப்போது அடுத்த கேள்வி. யாரைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்? புதியவன் நேற்று கணக்குத் தொடங்கியவன். எதிரில் இருப்பவன் லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவன். புதியவர்கள் எந்தச் சீட்டுக்குத் துள்ளுவார்கள், எதற்குப் பதுங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்த பாடம். எதிராளியின் ஒவ்வொரு பந்தயத்தையும் சேமித்து, அவன் குணத்தைச் சதவீதமாகத் திரையில் காட்டும் மென்பொருள்கள் பல வருடங்களாக இருக்கின்றன. 'சால்வர்' என்ற பெயரில், எந்த நிலையில் எந்த ஆட்டம் லாபம் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல்கள் கடையில் வாங்கும் சரக்கு.

திறமையின் உச்சம் என்னவென்று பார்க்க வேண்டுமா? 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், உலகின் முன்னணிப் போக்கர் ஆட்டக்காரர்கள் நால்வரை 20 நாட்கள், 1,20,000 ஆட்டங்களில் எதிர்கொண்டு 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சில்லுகளை ஜெயித்தது. 2019-ல் ப்ளூரிபஸ் என்ற அதன் தம்பி, ஆறு பேர் ஆடும் மேஜையிலும் ஜெயித்தது. போக்கர் திறமை விளையாட்டு என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். அதே ஆதாரம் இன்னொன்றையும் சொல்கிறது: இந்த ஆட்டத்தில் திறமைக்கு உச்சவரம்பு மிக உயரத்தில் இருக்கிறது, நீங்கள் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது மேலே நிற்பவனுக்குத்தான் தெரியும்.

சீட்டைக் குலுக்கும் நிரல் நேர்மையானது, சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். நம்புகிறேன். நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், நன்றாகக் குலுக்குவது ஒன்றும் கஷ்டமில்லை என்றும் சொல்வேன். சீட்டில் ஏமாற்றத் தேவையே இல்லாத இடத்தில் சீட்டின் நேர்மைக்குச் சான்றிதழ் காட்டுவது பெரிய விஷயமா?

3

எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் திறமையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். திறமை என்றால் என்னவென்று தெரிந்த ஊர் இது. கோர்வைப் புடவை நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நாடாவில் ஓடி, ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். முந்தானையின் பாவை உடலின் பாவோடு இணைக்கும் பெட்னிக்கு ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும்.

இந்தத் திறமைக்கும் போக்கர் திறமைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தறியில் ஒரு இழை அறுந்தால் அப்போதே கண்ணுக்குத் தெரியும். தப்பாக மிதித்தால் பூ கோணலாகும். தப்பு எங்கே, யார் செய்தது, எப்படித் திருத்துவது எல்லாம் துணியிலேயே எழுதியிருக்கும். தினமும் இப்படித் தப்பைப் பார்த்துத் திருத்தித்தான் ஒருவன் நெசவாளி ஆகிறான்.

போக்கரில் சரியாக ஆடித் தோற்கலாம், தப்பாக ஆடி ஜெயிக்கலாம். ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் மோதினால் ஏஸ் ஜெயிப்பது சுமார் 82 சதவீதம். மிச்சம் 18 சதவீதத்தில் தப்பான பக்கம் நின்றவனுக்குக் காசும் கைதட்டலும் கிடைக்கும். அவன் என்ன கற்றுக்கொள்வான்?

இதை எண்களில் பார்ப்போம். ஆட்டத்துக்குக் கட்டாயப் பந்தயம் 10 ரூபாய் உள்ள ஒரு மேஜை. ஒருவன் சராசரியாக 100 ஆட்டத்துக்கு 50 ரூபாய் தோற்கிற ஆள் என்று வைத்துக்கொள்வோம். இதில் 100 ஆட்டத்துக்கான ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 1,000 ரூபாய் அளவுக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்வது மிகையில்லை. அவன் 10,000 ஆட்டம் ஆடுகிறான். தினம் இரண்டு மணி நேரம், மணிக்கு 60 ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம். சராசரி நஷ்டம் 5,000. ஆனால் ஏற்ற இறக்கம் 10,000. இப்படிப்பட்ட நூறு பேரை எடுத்தால், மூன்று மாத முடிவில் சுமார் 31 பேர் லாபத்தில் இருப்பார்கள்!

இந்த 31 பேரும் தோற்கிற ஆட்டக்காரர்கள்தான். ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. 'மூணு மாசமா ப்ளஸ்ல இருக்கேன் மச்சான்' என்று சத்தியம் செய்வார்கள். நண்பனுக்கு ரெஃபரல் அனுப்புவார்கள். விளம்பரத்தில் காட்டவும் இவர்களே போதும். உண்மை தெளிவாகத் தெரிய ஒரு லட்சம் ஆட்டம் ஆக வேண்டும். அப்போது நூற்றில் 6 பேர்தான் மேலே மிஞ்சுவார்கள். அதே வேகத்தில் ஆடினால் அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். திறமை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷச் சம்பளம் கேட்கும் பள்ளிக்கூடம் இது.

4

நீதிமன்றக் கதைக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 1968-ல் ஒரு ஆந்திர வழக்கில் ரம்மியைப் பெருமளவு திறமை சார்ந்தது என்றது. 1996-ல் சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அப்படியே சொன்னது. திறமை மேலோங்கியிருந்தால் அது சூதாட்டம் அல்ல என்ற அளவுகோல் இப்படி நிலைபெற்றது. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டு என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்றது. மாநில எல்லை தாண்டினால் அதே 52 சீட்டுக்கு ஜாதகம் மாறுகிறது.

தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 2021-ல் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டினால் தடை என்று சட்டம் போட்டது. அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2022-ல் நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மறுபடி நிறைவேற்றியது என்று போராடி 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அதில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் எழுதிவைத்தார்கள். சட்டம் நின்றது, அந்த வரி நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அரசு தன் கையில் இருந்த பெரிய சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சின்னச் சீட்டை வைத்து ஆடியது. 'இது அதிர்ஷ்டம், ஆகவே தடை' என்று பொய்க்கணக்குக்கு நின்றதற்குப் பதில், 'இது திறமை, ஆகவேதான் ஆபத்து' என்று முழங்கியிருக்க வேண்டும். அதிர்ஷ்ட விளையாட்டில் ஏழைக்கும் பணக்காரனுக்கும், புதியவனுக்கும் பழையவனுக்கும் ஒரே வாய்ப்பு. திறமை கூடக்கூடத்தான் ஒரு பக்கத்தின் தோல்வி உறுதியாகிறது. எந்த நியாயத்தை நிறுவனங்கள் கேடயமாகத் தூக்கினவோ அதையே அவர்கள் மேல் திருப்பியிருக்கலாம்.

இந்த அளவுகோலைச் சகுனிக்கு வைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குப் பகடை துகில் இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே பாண்டவதூதப் பெருமாள் கோயிலில், அந்தச் சூதின் விளைவாகத் தூது போன கண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பகடையில் வித்தை இருந்ததா என்பதை விடுங்கள். பணயம் துரியோதனனுடையது, ஆடியது சகுனி, எதிரில் ஆட ஆசையுள்ள, ஆடத் தெரியாத தருமன். நம் சட்ட அளவுகோல்படி சகுனி ஆடியது அப்பழுக்கற்ற திறமை விளையாட்டு. ஆயிரம் வருஷமாகக் கூத்துப் பார்க்கிற ஜனங்கள் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. யாருக்கு எதிராக யாரை உட்கார வைத்தார்கள் என்றுதான் பார்த்தார்கள்.

5

சரி, எல்லோரும் சம திறமை என்றே வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். மேஜையில் 6,000. நடுவில் சேரும் தொகையில் 5 சதவீதம் நிறுவனத்துக்குக் கமிஷன் என்று கொள்வோம். ராத்திரி முழுக்க இவர்களுக்குள் சுற்றிச் சுற்றி மொத்தம் 40,000 ரூபாய் பந்தயம் புரண்டால் கமிஷன் 2,000. யாரும் யாரையும் ஜெயிக்காமலே மூன்றில் ஒரு பங்கு காலி. ஆட்டத்தின் வேகம்தான் நிறுவனத்தின் வருமானம். மனமகிழ் மன்றத்தில் சீட்டைக் கலைத்துப் போட ஒரு மனிதர் வேண்டும், டீ குடிக்க வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போனில் இவை எதுவும் இல்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்தது. வரி உட்பட 100 ரூபாய் போட்டால் அப்போது ஆட மிஞ்சியது 78 ரூபாய் சொச்சம். நிறுவனங்கள் சில 'போனஸ்' கொடுத்து அதை மூடிப்பார்த்தன. நிகர வெற்றியில் 30 சதவீத வரிப் பிடித்தம் வேறு. தோற்றவன் கணக்கை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர் அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968-ல் தமிழக அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். 2003-ல் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்யும்வரை எத்தனையோ குடும்பங்களின் கூலிப் பணம் அதில் போயிற்று. லாட்டரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் லாட்டரி தோற்றவனைப் பார்த்து 'நீ முட்டாள்' என்று சொன்னதில்லை. சீட்டு விழவில்லை, விதி, விட்டுத்தள்ளு என்று அவன் நகர முடிந்தது.

திறமை விளையாட்டு அப்படி நகர விடாது. தோற்றால் தப்பு உன்னுடையது. சரியாகப் படிக்கவில்லை, பொறுமையாக ஆடவில்லை, இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால்... இந்த 'இன்னும் கொஞ்சம்' இருக்கிறதே, அதுதான் ராத்திரி இரண்டு மணிக்கு அவனை மறுபடி பணம் போட வைக்கிறது. போன காசை எடுக்க மட்டும் அவன் போகவில்லை, தான் முட்டாள் இல்லை என்று நிரூபிக்கப் போகிறான். கடன் கேட்க வெட்கப்படுகிறான், வீட்டில் சொல்ல அதைவிட வெட்கப்படுகிறான். உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகளில் பணம் எவ்வளவு போனது என்று போடுகிறார்கள். இந்த வெட்கத்தைப் பற்றி எழுதுவதில்லை.

இதைப் பட்டு ஊரில் இருந்து சொல்ல எனக்கு இன்னொரு காரணம் உண்டு. திறமை இருந்தால் ஜெயிக்கலாம் என்றால் பிள்ளையார்பாளையத் தெருக்களில் மாளிகையாக இருக்க வேண்டும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, இரண்டின் விலையையும் நெசவாளி நிர்ணயிப்பதில்லை. பாவும் ஊடையும் முதலாளியோ சங்கமோ கொடுப்பது. நெசவாளிக்குக் கிடைப்பது புடவைக்கு இவ்வளவு என்ற கூலி. அவர் கையில் திறமை இருக்கிறது. துவக்கச் சீட்டு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இதைத் திண்ணையில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் தறியை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். முதல் சம்பளம், கையில் போன், தூக்கம் வராத இரவு. அவர்களிடம் போய், திறமைதான் எல்லாம் என்று இன்னொருவன் சொல்கிறான்.

6

2025-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டு கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற தமிழ்நாட்டு விதிகளை ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை என்று சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்துப் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது.

தடை வந்தாச்சே, இன்னும் என்ன புலம்பல் என்று கேட்கலாம். வெளிநாட்டில் இருந்து இயங்கும் தளங்களுக்கு நம் சட்டம் எட்டுமா என்பது ஒரு பக்கம். அதைவிட, வாதம் அப்படியே உயிரோடு இருக்கிறது. திறமை என்றால் தொழில் உரிமை, அதிர்ஷ்டம் என்றால் சூது என்ற அந்த இரண்டு பெட்டிகள் மறுபடி எந்த நீதிமன்றத்திலும் திறக்கப்படலாம். நாளை வேறு பெயரில், வேறு ஆட்டமாக வரும். பங்குச் சந்தையின் ஆப்ஷன் வர்த்தகத்தை விற்கும் இன்ஸ்டாகிராம் குருக்கள் இன்று பேசுவதும் இதே பாஷைதான்.

ஆகவே கேள்வியை மாற்றுவோம். திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்க வேண்டாம். எந்த ஆட்டத்தை யார் நடத்தினாலும் இவற்றைக் கேட்போம்: ஒரு வருஷம் ஆடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் நஷ்டத்தில் இருக்கிறார்கள்? என்னிடமிருந்து இதுவரை எடுத்த கமிஷன் எவ்வளவு? முதல் நாளிலிருந்து நான் போட்டது, எடுத்தது, மிச்சம் மூன்றையும் திரையின் மேலேயே காட்டுவாயா? நூறு ஆட்டம் ஆடியவனையும் லட்சம் ஆட்டம் ஆடியவனையும் ஒரே மேஜையில் ஏன் உட்கார வைக்கிறாய்? இந்த எண்கள் எல்லாம் அவர்களின் தரவுத்தளத்தில் இருப்பவைதான். திரையில் வரவைக்க ஒரு நல்ல நிரலாளருக்கு அதிகபட்சம் ஒரு வாரம் ஆகும்.

பணம் வைக்காமல் ஆடுங்கள், நண்பர்களோடு தீப்பெட்டிக் குச்சி வைத்து ஆடுங்கள். அற்புதமான ஆட்டம். பேயஸ் தேற்றத்தை இதைவிட நன்றாக எந்த வாத்தியாரும் சொல்லித்தர முடியாது. ஆனால் முகம் தெரியாத ஒருவனுக்கு எதிரே சம்பளத்தை வைக்கும்போது, உங்கள் ராஜா ஜோடிக்கு எதிராக ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு இருநூற்றில் ஒன்று என்ற கணக்கை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். எதிரில் இருப்பவன் உங்களைவிடத் திறமைசாலியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்றும் போட்டுப் பாருங்கள். வேலை முடிந்து வந்து ராத்திரியில் ஆடுகிறவர் நீங்கள். அதையே வேலையாகச் செய்கிறவன் அவன்.